மட்டன் என்று சொன்னோம்



நாங்கள் சொன்ன ஒரு பொய்யிலிருந்து இதைத் தொடங்குகிறோம்.

மதுரையில் ஒரு வீட்டின் மாடிப் போர்ஷனில் நாங்கள் நான்கு பெண்கள் வாடகைக்கு இருக்கிறோம். நால்வருக்கும் சமூகப் பணிதான் வேலை. வாரத்தில் ஆறு நாள் கிராமம் கிராமமாக அலைந்து, கிடைத்த இடத்தில் கிடைத்ததைச் சாப்பிடுகிறோம். ஞாயிறு இரவு மட்டும் சொந்தச் சமையல். மூன்று மாதங்களுக்கு முன் அப்படி ஒரு ஞாயிறு. அடுப்பில் பன்றிக்கறி வெந்துகொண்டிருந்தது. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்க ஏறிவந்த வீட்டுக்கார அக்கா எங்கள் வாசலில் நின்றார்.

"என்னம்மா, வாசம் தூக்குது! மட்டனா?"

"ஆமாக்கா, மட்டன்தான்."

யோசிக்கவே இல்லை. நால்வரில் யார் சொன்னது என்பது முக்கியமில்லை. மற்ற மூவரும் தலையாட்டினோம். அக்கா சிரித்துக்கொண்டே, "எனக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைங்க, துணிய எடுத்துட்டு வாரேன்" என்று மேலே போனார்.

இப்போது என்ன செய்வது? பன்றிக்கறியை மட்டன் என்று சொல்லி இன்னொருவர் வாயில் போடும் உரிமை யாருக்கும் கிடையாது. அவர் இறங்கி வருவதற்குள் சட்டியை மூடினோம். "கொஞ்சந்தான்க்கா எடுத்தோம், பத்தாது போலருக்கு" என்று இழுத்தோம். அக்காவின் முகம் சுருங்கியது. வெள்ளிக்கிழமைதோறும் எங்களுக்கு எவர்சில்வர் கிண்ணத்தில் சுண்டல் கொடுத்தனுப்புபவர் அவர். எங்களில் ஒருவர் காய்ச்சலில் கிடந்தபோது மிளகு ரசம் வைத்துத் தந்தவர். அவர் முன்னால் அன்று நாங்கள் ஒரு கிண்ணம் கறிக்குக் கணக்குப் பார்க்கும் கஞ்சர்களாக நின்றோம்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. உணவும் சாதியும் பற்றிக் கல்லூரிகளில் ஒரு மணி நேரம் பேசக்கூடியவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் முதுகலையில் அதைப் பற்றியே ஆய்வேடு எழுதியவர். மேடையில் வந்த வார்த்தை மாடிப்படியில் ஏன் வரவில்லை?

காரணம் எங்களுக்குத் தெரியும். வீடு பார்க்க வந்த அன்று, "நான்-வெஜ் சமைப்பீங்களா?" என்று கேட்டார்கள். "எப்பவாச்சும்" என்றோம். "சிக்கன், மீன், மட்டன்னா பரவால்ல" என்றார்கள். அந்தப் பட்டியலில் எது இல்லை என்பது சொன்னவர்களுக்கும் தெரியும், கேட்டுக்கொண்ட எங்களுக்கும் தெரியும். ஏற்கெனவே ஏழு வீடுகளில் "சொந்த ஊரு எது? ஊருக்குள்ளயா, அந்தப் பக்கமா?" என்ற கேள்வியைத் தாண்ட முடியாமல் திரும்பியிருந்தோம். எட்டாவது வீட்டில் அந்தப் பட்டியலுக்குத் தலையாட்டினோம். மாடிப்படியில் சொன்ன பொய், அட்வான்ஸ் கொடுத்த அன்றே சொல்லப்பட்டுவிட்டது.

சட்டி ஒன்று, அடுப்பு ஒன்று

அன்று நாங்கள் சமைத்தது பெரிய விருந்து எதுவும் இல்லை. ஒரே சட்டியில் கறியும் காயும். இப்போது இதை நகரத்துச் சமையல் வீடியோக்களில் புதுமை போலக் காட்டுகிறார்கள். எங்கள் பாட்டிமார்களிடம் இருந்ததே ஒரு அடுப்பும் ஒரு சட்டியும்தான். கறி குறைவாகவும் வாய்கள் அதிகமாகவும் இருந்ததால் காயைப் போட்டு நிரப்பினார்கள். பன்றிக்கறிக்கு மட்டும் பல வீடுகளில் ஒரு சட்டி தனியாக உண்டு. கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்துச் சமைப்பார்கள், அந்தச் சட்டி வீட்டுக்குள் வராது. நம்மை ஊருக்கு வெளியே வைத்தவர்களைப் பார்த்து, நாமும் ஒரு சட்டியை வீட்டுக்கு வெளியே வைத்தோம்.

நாங்கள் செய்கிற முறையைச் சொல்லிவிடுகிறோம். விடுதியிலோ அறையிலோ இருக்கும் யாரும் ஒரு இண்டக்ஷன் அடுப்பில் செய்யலாம். நான்கு பேருக்கு அரைக் கிலோ கறி போதும். கடையில் கேட்கும்போது கொழுப்பை முழுக்க நீக்கச் சொல்லாதீர்கள். தோலும் கொழுப்பும் ஒட்டிய வார் துண்டுகள் பாதி, சதை பாதி என்று கலந்து வாங்குங்கள். எங்கள் கடையில் கிலோ 300 ரூபாய். அதே வரிசையில் ஆட்டுக்கறி 900 ரூபாய்க்குப் போகிறது. உடம்புக்குத் தேவையான புரதம் இதில் தாராளம். தயமின் என்கிற வைட்டமின் பி1 ஆட்டுக்கறியையும் கோழிக்கறியையும் விடப் பன்றிக்கறியில் அதிகம். கையில் காசில்லாத மாணவருக்கு இது நல்ல சாப்பாடு.

கறியைக் கழுவி அடிகனமான சட்டியில் போடுங்கள். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, அரை டம்ளர் தண்ணீர். எண்ணெய் வேண்டாம். மூடி போட்டுச் சிறுதீயில் 40 நிமிடம் விடுங்கள். நடுவில் இரண்டு முறை கிளறி, அடிபிடிப்பது போலிருந்தால் மட்டும் ஒரு கை தண்ணீர் தெளியுங்கள். தண்ணீர் சுண்டச் சுண்டக் கொழுப்பு உருகிச் சட்டியில் நிற்கும். தண்ணீர் முழுக்க வற்றியதும் சத்தம் மாறும். கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரும். அந்த இடத்தில் மூடியைத் திறந்துவிட்டு ஐந்து நிமிடம் கறியை அதன் கொழுப்பிலேயே சிவக்க விடுங்கள். இந்த ஐந்து நிமிடத்தில்தான் ருசி இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

கறியை ஓரமாக ஒதுக்கி, நடுவில் தேங்கிய கொழுப்பில் உரித்த சின்ன வெங்காயம் 20, தட்டிய பூண்டு 10 பல், ஒரு விரல்நீள இஞ்சியை நசுக்கிப் போட்டு வதக்குங்கள். கறிவேப்பிலை ஒரு கொத்து. மல்லித்தூள் இரண்டு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்று. பச்சை வாசனை போனதும் நறுக்கிய தக்காளி இரண்டு. தக்காளி விலை ஏறிய நாளில் சின்னத் துண்டு புளியைக் கரைத்து ஊற்றலாம். கொழுப்புக்குப் புளிப்புத் துணை வேண்டும், அவ்வளவுதான்.

இனி காய். உருளைக்கிழங்கு இரண்டு, கேரட் இரண்டு, வாழைக்காய் ஒன்று. எல்லாவற்றையும் கறித்துண்டு அளவிலேயே வெட்டிப் போட்டு, ஒரு டம்ளர் சுடுதண்ணீர் ஊற்றி மூடினால் 15 நிமிடத்தில் வெந்துவிடும். தை மாதத்தில் சிறுகிழங்கு கிடைத்தால் உருளையை விட்டுவிடுங்கள். திருச்சூர்ப் பக்கம் இதே கிழங்கைக் கூர்க்க என்கிறார்கள். அங்கே பன்றிக்கறிக்கு அதுதான் ஜோடி. கடைசியாகப் பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ் இரண்டு கைப்பிடி. அது கொழுப்பை உறிஞ்சிக்கொண்டு கறியை விட ருசியாகிவிடும். ஐந்து நிமிடம் கழித்து, ஒன்றிரண்டாக இடித்த மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி தூவி, உப்புச் சரிபார்த்து இறக்குங்கள். சோற்றில் பிசைந்து சாப்பிடலாம். சோறு வடிக்க வழியில்லாவிட்டால் பன் போதும்.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். கழுவ ஒரு சட்டி, ஒரு கரண்டி, நான்கு தட்டு.

இவ்வளவு விரிவாக ஏன் சொல்கிறோம்? நம் சாப்பாட்டைப் பற்றி நாம் முழக்கங்களாக எழுதியது அதிகம், அளவுகளாக எழுதியது குறைவு. 2009-இல் புனே பல்கலைக்கழகப் பெண்ணியல் மையத்தில் ஷர்மிளா ரெகேயும் மாணவர்களும் சேர்ந்து, இந்தத் தட்டு இந்தியத் தட்டு இல்லையா என்று கேட்கும் தலைப்பில் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்தார்கள். 2015-இல் சாகு பட்டோலே மராத்தியில் மராத்வாடாவின் தலித் சமையலைச் செய்முறைகளோடு புத்தகமாக எழுதினார். 2024-இல் அது ஆங்கிலத்தில் வந்தது. ஒரு சமூகத்தின் அடுக்களை எழுத்தில் ஏறுவது சாதாரணக் காரியம் இல்லை. உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதிவையுங்கள். எத்தனை பல் பூண்டு என்று கேளுங்கள். "கைக்கு வந்தத போடுறதுதான்" என்பார்கள், கூடவே நின்று எண்ணுங்கள்.

குடகில் விருந்து, சேரியில் அசிங்கம்

சமூகவியல் படிக்கும் தோழர்கள் முதல் பருவத்திலேயே எம்.என். சீனிவாஸ் பெயரைக் கேட்டிருப்பீர்கள். கீழே வைக்கப்பட்ட சாதிகள் மரக்கறி உணவு, மது விலக்கு போன்ற மேல்சாதி வழக்கங்களை எடுத்துக்கொண்டு ஓரிரு தலைமுறைகளில் மேலே நகரப் பார்ப்பதை அவர் சமஸ்கிருதமயமாதல் என்றார். 1952-இல் வெளியான அவருடைய புத்தகத்தில் அந்தக் கருத்து வருகிறது. தேர்வுக்கு இதைத்தான் படிக்கிறோம். அந்தப் புத்தகம் யாரைப் பற்றியது என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். அது குடகு மக்களைப் பற்றியது. குடகர்களின் விருந்தில் பன்றிக்கறி இல்லாமல் இருக்காது. கல்யாணத்தில் பன்றிக்கறி, திருநாளில் பன்றிக்கறி. கறுத்த கச்சம்புளி ஊற்றிச் செய்யும் பாண்டி கறி அவர்களுடைய பெருமை. அதைச் சாப்பிடுவதற்கென்றே இன்று பெங்களூருவிலிருந்து கார் பிடித்துப் போகிறார்கள்.

குடகர்கள் நிலம் வைத்திருந்தவர்கள், ஆயுதம் வைத்திருந்தவர்கள். அவர்கள் தட்டில் இருக்கும் பன்றி அவர்களைக் கீழே இறக்கவில்லை. நட்சத்திர ஓட்டலின் காலைச் சாப்பாட்டில் அதே கறி பேக்கன், ஹாம், சாசேஜ் என்ற பெயர்களில் வெள்ளித்தட்டில் வருகிறது, அதுவும் யாரையும் இறக்குவதில்லை. அப்படியென்றால் தீட்டு கறியில் இல்லை. யார் வளர்க்கிறார்கள், யார் அறுக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் கறிக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

'சேத்துமான்' படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். பெருமாள்முருகனின் 'வறுகறி' சிறுகதையை வைத்து தமிழ் இயக்கி, பா. இரஞ்சித்தின் நீலம் தயாரித்து 2022-இல் வெளியானது. கொங்குப் பகுதியில் பன்றிக்கறி தின்ன ஆசைப்படும் ஒரு பண்ணையார், அதற்காகக் கூடை பின்னும் ஒரு தாத்தாவின் உழைப்பை வாங்கிக்கொள்வார். ஆசை அவருக்கு, அவமானம் சமைப்பவருக்கு. பேருக்கே பாருங்கள்: பன்றி என்று வாயால் சொல்லக் கூசி, சேற்று மான் என்கிறார்கள். தின்பதற்கு ஒரு பெயரும் திட்டுவதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கும் சமூகம் இது.

மாட்டுக்கறிக்காவது இங்கே ஓர் அரசியல் உருவாகியிருக்கிறது. 2012-இல் உஸ்மானியா பல்கலைக்கழக மாணவர்கள் மாட்டுக்கறித் திருவிழா நடத்தினார்கள். 2022-இல் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றபோது எதிர்ப்பு எழுந்தது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையமே விளக்கம் கேட்டது. பன்றிக்கறிக்கு அப்படி யாரும் கேட்பதில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் காட்டுப்பாக்கத்தில் பன்றிப் பண்ணையும் ஆராய்ச்சியும் நடத்துகிறது. வளர்க்கச் சொல்லிக்கொடுக்க அரசு இருக்கிறது. தின்பவரைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை. மாட்டுக்கறியைத் தடுப்பவர்கள் புனிதம் பேசுகிறார்கள், அதற்கு எதிராக வாதாடலாம். பன்றிக்கறிக்கு முன்னால் அவர்கள் வாதமே செய்வதில்லை, மூக்கைப் பொத்துகிறார்கள். அருவருப்போடு வாதாடுவது கடினம்.

அந்த அருவருப்பு நமக்குள்ளும் இருக்கிறது. "நாங்க மாடு தின்போம், பன்னி தொட மாட்டோம்" என்று பெருமையாகச் சொல்கிற தலித் வீடுகள் எத்தனை! பன்றி வளர்க்கிற அருந்ததியர் குடும்பத்தையும் குறவர் குடும்பத்தையும் பார்த்து மூக்கைச் சுளிக்கிற நம் தெருக்கள் எத்தனை! நமக்குக் கீழே ஒரு படி இருக்கிறது என்று காட்டிக்கொள்ள ஒரு விலங்கு உதவுகிறது. எங்கள் நால்வரில் ஒருவர் வீட்டிலும் இதே பேச்சுதான். அவர் இந்த அறைக்கு வந்த பிறகுதான் முதன்முதலாகப் பன்றிக்கறி சாப்பிட்டார். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.

புழு எங்கிருந்து வருகிறது

"எல்லாம் சரி, பன்றிக்கறி தின்றால் மூளையில் புழு வருமே?" என்று மாணவர்கள் கேட்கிறார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

பன்றி நாடாப்புழு என்பது உண்மை. அரைகுறையாக வெந்த கறியில் அதன் இளம்புழுப் பைகள் இருந்தால், சாப்பிட்டவர் குடலில் நாடாப்புழு வளரும். ஆனால் மூளையில் கட்டி உண்டாக்கி வலிப்பைக் கொண்டுவருவது கறி இல்லை, அந்தப் புழுவின் முட்டை. குடலில் புழு இருக்கும் மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. கழிப்பறை இல்லாத இடத்தில் அவை மண்ணுக்கும் தண்ணீருக்கும் காய்கறிக்கும் வருகின்றன. சரியாகக் கழுவாத கீரையிலும் பச்சையாகத் தின்னும் கேரட்டிலும் கழுவாத கையிலும் ஏறி வாய்க்குள் போகின்றன. வாழ்நாளில் கறியே தொடாதவருக்கும் அந்த நோய் வரும், வந்துகொண்டும் இருக்கிறது.

எனவே நம் சட்டியில் கறியைப் போலவே காயையும் கவனியுங்கள். கேரட்டையும் கோசையும் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். கறி வாங்கும்போது சதைக்குள் அரிசிமணி போல வெள்ளைக் கொப்புளங்கள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வாங்காதீர்கள். நடுவில் சிவப்பு இல்லாமல் வேகவையுங்கள். நாங்கள் சொன்ன முறையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகும் கறியில் எந்தப் புழுவும் உயிரோடு இருக்காது.

பன்றி சாக்கடையில் மேய்கிறது என்று பன்றியையும் அதை வளர்ப்பவரையும் திட்டுகிறவர்கள், அந்தச் சாக்கடை ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்பதில்லை. மலம் அள்ளும் வேலையை ஒழிக்க 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம். இன்னும் குழிக்குள் இறங்கிச் சாகிறவர்கள் நம்மவர்கள். ஊரின் அழுக்கை நம் தலையில் ஏற்றிவிட்டு, அழுக்கானவர்கள் என்று நமக்கே பெயர் வைத்தார்கள். பன்றிக்கும் அதுதான் நடந்தது.

விலகுவது வேறு, விலக்குவது வேறு

எங்கள் அறையில் ஒரு தோழர் இசுலாமியர். அவர் பன்றிக்கறி தொடமாட்டார். அவருக்கென்று ஒரு வாணலியும் கரண்டியும் உண்டு, அதில் எங்கள் கரண்டி போகாது. ஞாயிறு இரவு அவர் முட்டைக் குழம்போ மீனோ வைத்துக்கொள்வார். ஒரே தரையில் வட்டமாக உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். முதல் மாதத்திலேயே அவர் எங்களிடம் சொன்னார்: "எனக்கு ஆகாது, உங்களுக்கு ஆகும். மூடி போட்டுச் சமைங்க, போதும்." இதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. அவர் விலகுவது பன்றியிடமிருந்து. எங்களிடமிருந்து அவர் விலகவில்லை.

சாப்பிட மறுப்பது எவருடைய உரிமையும்தான். மரக்கறி மட்டும் உண்பவருக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. உணவகம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், கை கழுவத் தனித்தனி இடம் என்று அறிவிப்பு ஒட்டினார்களே, அது மறுப்பு இல்லை. 2023-இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் சைவத்துக்கென்று ஒதுக்கிய மேசையில் அசைவம் சாப்பிட்டு எதிர்ப்பைக் காட்டிய மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்களே, அதுவும் மறுப்பு இல்லை. கறி தின்ற கையைக் கழுவும் தண்ணீர்க்குழாய்கூட வேறாக இருக்க வேண்டும் என்பது மனிதரை விலக்குவது.

இளந்தோழர்களிடம், குறிப்பாக ஆண்களிடம், இன்னொன்றும் சொல்ல வேண்டும். உணவுரிமைக் கூட்டங்களில் முழங்குவது நீங்கள். பின்னால் அண்டாவுக்குப் பக்கத்தில் புகையில் நிற்பது யார்? கூட்டம் முடிந்து கொழுப்பு உறைந்த பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது யார்? பன்றிக்கொழுப்பு ஆறினால் சட்டியில் மெழுகு போல ஒட்டும். சுடுதண்ணீர் ஊற்றி, சூடாக இருக்கும்போதே தேய்க்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாதவருடைய உணவு அரசியல் பாதிதான். ஒரு ஞாயிறு நீங்கள் வாங்கி, நீங்கள் வெட்டி, நீங்கள் சமைத்து, நீங்களே கழுவுங்கள்.

பேப்பர் கப்

மாடிப்படிக்குத் திரும்புவோம்.

அந்தப் பொய்க்குப் பிறகு இரண்டு மாதம் நாங்கள் பன்றிக்கறி எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று யாரும் முடிவுசெய்யவில்லை, எப்படியோ தள்ளிப்போனது. அதுதான் எங்களை உலுக்கியது. எவரும் தடைபோடாமலேயே ஒரு சாப்பாடு எங்கள் அடுக்களையிலிருந்து காணாமல் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு வருடம் போனால், "எங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காது" என்று நாங்களே சொல்லத் தொடங்கியிருப்போம்.

போன மாதம் மறுபடி சமைத்தோம். சன்னலைச் சாத்தவில்லை. அக்கா மேலே வந்தார். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே எங்களில் ஒருவர் சொன்னார்: "பன்றிக்கறிக்கா. அன்னைக்கும் இதுதான். மட்டன்னு பொய் சொல்லிட்டோம், மன்னிச்சிருங்க. நீங்க சாப்பிடுவீங்கன்னா ஒரு கிண்ணம் தரோம்."

அக்கா கொஞ்ச நேரம் நின்றார். "இல்லம்மா, எங்க வீட்ல பழக்கமில்ல" என்றார். குரலில் கோபம் இல்லை. துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த வெள்ளிக்கிழமை சுண்டல் வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் வரவில்லை, பேப்பர் கப்பில் வந்தது.

அதன் பொருள் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டீக்கடைகளில் இரட்டைக் குவளை ஒழிந்து, அதன் இடத்தில் பேப்பர் கப் வந்ததை நாம் பார்த்திருக்கிறோம். எங்கள் அடுக்களைக்குள் வந்த கிண்ணம் திரும்ப அவர் அடுக்களைக்குள் போகக் கூடாது. அவ்வளவுதான் செய்தி. சுண்டல் அதே ருசியில்தான் இருந்தது. சாப்பிட்டோம்.

அக்காவைக் கெட்டவர் என்று எழுத எங்களுக்கு மனமில்லை. காய்ச்சலுக்கு ரசம் வைத்த கையும் பேப்பர் கப் எடுத்த கையும் ஒன்றுதான். சாதி கெட்டவர்களிடம் மட்டும் இருந்தால் எப்போதோ ஒழிந்திருக்கும். அது இந்த மாதிரி நல்லவர்களின் அடுக்களையில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது.

நாங்கள் பொய் சொன்னபோது கிண்ணம் வந்தது, உண்மை சொன்னதும் பேப்பர் கப் வந்தது. அப்படியானால் பொய்யே மேல் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கிண்ணம் எங்களுக்கு வரவில்லை தோழர்களே. மட்டன் மட்டும் சமைக்கிற, எந்தத் தெரு என்று சொல்லாத வேறு நான்கு பெண்களுக்கு வந்தது. அவர்களாக நடிப்பதற்குக் கூலியாக எங்களுக்குக் கிடைத்தது.

உங்கள் எல்லோரையும் இப்படிச் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்லப்போவதில்லை. நாங்கள் நால்வர், சம்பளம் வருகிறது, இந்த வீடு போனால் ஒரு மாதம் அலைந்து இன்னொன்று பார்ப்போம். 11 மாத ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று பார்க்க வேண்டும். முதல் தலைமுறையாக நகரத்துக்கு வந்து, தெரிந்தவர் ஒருவரும் இல்லாமல், தேர்வு நெருங்கும் நேரத்தில் இருக்கும் ஒரு மாணவிக்கு எங்கள் நிலைமை இல்லை. தலைக்கு மேல் கூரை வேண்டுமென்றால் "மட்டன்" என்று சொல்லிக்கொள்ளுங்கள். அந்தப் பொய்க்கான குற்றம் உங்களுடையது இல்லை, அதைக் கேட்டு வாங்குகிறவர்களுடையது. ஆனால் அதை நீங்களே நம்பத் தொடங்கிவிடாதீர்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அம்மா அன்போடு எடுத்துவைக்கும் கறியைப் பார்த்து மூக்கைச் சுளிக்கும் நாள் வந்தால், அன்றைக்குத்தான் அவர்கள் ஜெயிக்கிறார்கள்.

கூட்டம் போட்டு, கொடி கட்டி, கேமரா முன்னால் ஒரு நாள் பன்றிக்கறி தின்பது தேவைதான். நாங்களும் வருவோம். ஆனால் எங்களுக்கு வேண்டியது அதைவிடச் சின்னது, அதைவிடக் கடினமானது: ஒரு ஞாயிறு இரவு, களைத்துப்போய் வீடு திரும்பி, சன்னலைத் திறந்துவைத்து, ஒரு சட்டி ஏற்றி, வாசலில் யாராவது "என்ன சமையல்?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லிவிட்டு வெங்காயத்தை வதக்கிக்கொண்டிருப்பது.

இந்த வெள்ளியும் சுண்டல் வந்தது, பேப்பர் கப்பில்தான். பதிலுக்குச் சும்மா இருக்க வேண்டாம் என்று சனிக்கிழமை நாங்கள் வாழைக்காய் பஜ்ஜி போட்டு, எங்கள் எவர்சில்வர் தட்டிலேயே வைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தோம். அக்கா வாங்கிக்கொண்டார். தட்டு இன்னும் திரும்பி வரவில்லை. கழுவித் தருவாரா, வைத்துக்கொள்வாரா, தூக்கிப்போடுவாரா தெரியாது. நாளை ஞாயிறு. கறிக்குச் சொல்லிவைத்திருக்கிறோம், அரைக் கிலோ, பாதி வார், பாதி சதை.

ஜெய் பீம்.